இடது கண்ணுக்குக் குறிச்ச தேதி

வெள்ளத்தாயியா? வெள்ளத்தாயியைத் தேடியா வந்திருக்கீங்க? அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க தம்பி. நான் அவ கூடப்பொறந்த அண்ணன். சீனிராஜ். மேல போர்டுல சீனி மெடிக்கல்ஸ்னு பாத்தீங்கள்ல, அந்தச் சீனி நான்தான். உள்ள வாங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. மொதல்ல தண்ணியைக் குடிங்க. கண்ணாஸ்பத்திரியிலருந்துதானே? பையிலயே எழுதியிருக்கே. மதுரையிலருந்து ரெண்டு பஸ் மாறியா வந்தீங்க? அடேயப்பா.

லேசர் தேதிக்கு வரலைன்னு தேடி வந்திருக்கீங்க. தெரியும், தெரியும். மூணு தேதி குறிச்சுக் குடுத்தீங்க, மூணுக்கும் வரல. வலது கண்ணு போனது போயிருச்சு, இடது கண்ணையாவது காப்பாத்தணும், இன்னிக்குக் கையோட கூட்டிட்டுப் போயிரணும்ங்கிறீங்க. நல்ல விசயம்தான், யாரு வேண்டாம்னா? ஆனா அவ படுத்திருக்கா தம்பி. காலையில லேசா தலைவலின்னு சொன்னா. இப்பத்தான் கண் அசந்திருக்கா. ஒரு அரை மணி நேரம் போகட்டும். வெயில் தாழப் போனாப் போதும், மதுரைக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்?

இருங்க, ஆள் வந்திருக்கு. என்னம்மா? தும்மலா? எத்தனை நாளா? சரி, மூணு வேளைக்குப் போடுறேன். இந்தா, மஞ்சள் ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, இது வயித்தைக் கடிக்காம இருக்க. சாப்பிட்டுட்டுப் போடு. போ.

பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் செட்டு. ஸ்ட்ரிப்பை வெட்டி, மூணு வேளைக்குத் தனித்தனிக் கவர். இந்த ஊருல முக்காவாசிப் பேரு ஆஸ்பத்திரிக்குப் போடுற பேண்டேஜ் துணி நெய்யிறவங்க, மடிக்கிறவங்க. பஞ்சுத் தூசி மூக்குல ஏறிக்கிட்டே இருக்கும். வருசம் முச்சூடும் தும்மல், மூக்கடைப்பு. ஊருக்கெல்லாம் காயம் கட்டத் துணி குடுக்கிற சனம், தனக்கொரு தும்மல்னா டாக்டரைப் பாக்கப் போகாது. போனா அரை நாள் கூலி போயிரும். சாயங்காலம் வேலை விட்டு வர்ற வழியில என் கடையில நின்னு, "அண்ணாச்சி, ஒரு செட்டு"ன்னு கேக்கும். நான் மூஞ்சியைப் பாப்பேன், நாக்கை நீட்டச் சொல்லுவேன், குடுப்பேன். காலையில வேலைக்குப் போயிருவாங்க. இருவத்தேழு வருசமா இதான் நடக்குது.

சுவத்துல மாட்டியிருக்கிற சர்டிபிகேட்டைப் பாக்குறீங்க. போட்டோவுல இருக்கிறது நான் இல்ல. அவரு மருந்துக்குப் படிச்சவரு, வெளியூர்ல இருக்காரு. படிப்பு அவருது, கைராசி நம்மளுது. நான் சொக்கலிங்கம் டாக்டர் கிளினிக்குல ஒம்பது வருசம் கம்பவுண்டரா நின்னவன். அவரு சீட்டுல என்ன எழுதப்போறாருன்னு அவரு பேனாவைத் தொறக்குறதுக்கு முந்தியே எனக்குத் தெரியும்.

வெள்ளத்தாயி என்னைய விட ஆறு வயசு எளையவ. அம்பத்திமூணு முடிஞ்சிருச்சு. புருசன் போயிச் சேந்து பத்து வருசமாச்சு. ஒரே மக, அவளும் கோயம்புத்தூர்ல வாக்கப்பட்டுப் போயிட்டா. இவ இங்க துணி மடிக்கிற வேலை பாத்துக்கிட்டு, என் வீட்டுலதான் இருக்கா. என் சம்சாரம் அவ தங்கச்சி பிரசவத்துக்குப் போயி பத்து நாளாச்சு, இப்ப எனக்குச் சோறு பொங்கிப் போடுறதும் தாயிதான். என் கையைத் தவிர வேற எவன் கையாலயும் ஒரு மாத்திரை வாங்கித் தின்னிருக்க மாட்டா. பேர் கேக்க மாட்டா, எதுக்குன்னு கேக்க மாட்டா. உள்ளங்கையை நீட்டுவா, வாயில போட்டுக்குவா. அப்படி ஒரு நம்பிக்கை. தங்கச்சின்னா அதான் தம்பி.

போன ஐப்பசியில நடந்ததைச் சொல்றேன். உங்க ஆஸ்பத்திரியில என்னத்தை எழுதி வச்சிருக்காங்களோ, என் வாயாலயும் கேட்டுக்கோங்க.

அடை மழை. மில்லுல ஜன்னலையெல்லாம் சாத்திட்டு வேலை பாக்குறாங்க, தூசி வெளிய போக வழியில்ல. தாயிக்குத் தும்மல்னா தும்மல், நிக்காத தும்மல். செட்டு குடுத்தேன். நின்னுச்சு. விட்டா மறுபடி தும்முறா. ஒரு மாசம் போல விடாம குடுத்தேன்னு வைங்க. நடுவுல வயித்தைப் பிடிச்சு இழுக்குதுன்னா, அதுக்கு ஒண்ணு. ராத்திரி தூக்கம் வரலைன்னா, அதுக்கு ஒரு நரம்பு மாத்திரை. எல்லாம் நல்ல கம்பெனி மாத்திரை, தேதி முடிஞ்சது ஒண்ணு கெடையாது. சொந்தத் தங்கச்சிக்கு மட்டமான சரக்கைக் குடுப்பனா?

ஒரு நாள் சாயங்காலம் வந்து, "அண்ணே, டியூப் லைட்டைச் சுத்தி வானவில்லு மாதிரி வட்டம் வட்டமாத் தெரியுதுண்ணே"ன்னா. சிரிச்சுட்டேன். தீவாளி வருதுல்ல, உனக்கு மட்டும் முன்னக்கூட்டியே மத்தாப்பு விட்டுட்டாங்க போலன்னேன். அவளும் சிரிச்சா. கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டுப் போயிட்டா. சின்ன வயசுலருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி, பிளஸ் பவர். எங்க வீட்டுல எல்லாருக்குமே அப்படித்தான். இந்தா, என்னுதும் பிளஸ்தான். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கடைசிக் காலத்துல அவளுக்குப் பார்வை சுத்தமா இல்ல, வயசாயிருச்சுன்னு விட்டுட்டோம்.

தீவாளிக்கு மறுநாள் மத்தியானம் வலது பக்கம் தலையில வலின்னா. சும்மா வலி இல்ல, மண்டையைப் பொளக்குதுன்னா. வாந்தி. மூணு தடவை எடுத்தா. தீவாளிப் பலகாரம், எண்ணெய்ச் சரக்கு, பித்தம் ஏறியிருச்சுன்னு நெனைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பான். சொக்கலிங்கம் டாக்டரே இருந்தாலும் அப்படித்தான் நெனைச்சிருப்பாரு. வாந்திக்கு ஊசி போட்டேன். நெத்தியில தைலம் தேச்சேன். வெளிச்சம் கூசுதுன்னா, ஜன்னலைச் சாத்தி, வேட்டியை எடுத்து மேல தொங்க விட்டு, ரூமை நல்லா இருட்டாக்கிக் குடுத்தேன். தூங்குறதுக்கு இன்னொரு நரம்பு மாத்திரை. இதுக்கு மேல ஒரு அண்ணன் என்ன செய்வான், சொல்லுங்க.

ரெண்டு நாள். ரெண்டாம் நாள் சாயங்காலம் தாயி மக கோயம்புத்தூர்லருந்து வந்து பாத்துட்டு, "மாமா, கண்ணு ரத்தமாக் கெடக்கே, கருப்பு முழி பாலாடை விழுந்த மாதிரி இருக்கே"ன்னு கத்துறா. தொட்டுப் பாத்தேன். இமை மேலதான் தொட்டேன். கோலிக்குண்டு தம்பி. அந்தளவுக்குக் கல்லு மாதிரி. அப்பவே காரைப் பிடிச்சு உங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தோம். வந்ததும் என்னென்னமோ ஊத்துனாங்க, ஊசி போட்டாங்க. அழுத்தத்தை எறக்குனாங்க. பார்வை திரும்பல.

அந்த டாக்டரம்மா இருக்காங்களே, சின்ன வயசு, குச்சி மாதிரி ஒடம்பு. அது என்னைய நிக்க வச்சுப் பாடம் எடுக்குது. கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்குமாம், ஓரத்துல ஒரு மூலையில வடியுமாம். பிளஸ் கண்ணாடி போட்டவங்களுக்குக் கண்ணு சின்னதாம், அந்த மூலை குறுகலா இருக்குமாம். அம்பது வயசு தாண்டுனா இன்னும் குறுகுமாம், பொம்பளைகளுக்கு இன்னும் சாஸ்தியாம். குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா கூடப்பொறந்தவங்களும் பாக்கணுமாம். இப்படி இருக்கிறவங்க சளி மாத்திரை, வயித்து இழுப்பு மாத்திரை, சில நரம்பு மாத்திரை, சில வலிப்பு மாத்திரை இதெல்லாம் தின்னா மூலை அடைச்சிருமாம். சளி மாத்திரை கண்ணுப் பாப்பாவை விரிச்சு அடைக்குமாம், இருட்டுல படுத்தாலும் பாப்பா விரியுமாம். தொட்டி ஓட்டையில துணி அடைச்ச மாதிரி தண்ணி போக வழியில்லாம ஏறி, ஒரே நாள்ல பார்வை நரம்பை நசுக்கிருமாம். அம்மா, நீங்க சொன்ன மாத்திரையெல்லாம் எடுத்துட்டா என் கடையில பாதி ரேக்கு காலின்னேன். அந்தம்மாவுக்குச் சிரிப்பே வரல.

ஊருல ஆயிரம் பேருக்குக் குடுத்திருக்கேன் தம்பி. ஒருத்தருக்குக் கண்ணு போகல. இவ ஒருத்திக்குப் போனா அது மாத்திரையாலயா? இவ தலையெழுத்தாலயா? அதைக் கேட்டேன். மத்தவங்களுக்கு மூலை அகலமாம். கண்ணுக்குள்ள யாரு பூந்து அளந்து பாத்தா?

என்னது, உள்ள சத்தமா? ஒண்ணுமில்ல. சொம்பு உருண்டிருக்கும். நீங்க கேளுங்க.

இப்ப சொல்றேன் பாருங்க, என் மனசுல முள்ளாத் தைச்ச விசயம். டாக்டரம்மா தாயியைப் பாத்து, இந்த மாத்திரையெல்லாம் யாரும்மா குடுத்தாங்கன்னு கேட்டுச்சு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா இவ. என்ன சொன்னா தெரியுமா? "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஏதோ ஒரு கடையில வாங்குனேன், பேரு தெரியாது"ங்கிறா! பஸ் ஸ்டாண்டுல ஏதோ ஒரு கடை! இருவத்தேழு வருசம் கடை நடத்துறேன், எங்க அண்ணன்தான் குடுத்தாருன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. என்னைய ஒரு ஆளாவே மதிக்கலையான்னு வந்துச்சு. வண்டியில வர்றப்ப கேட்டேன், ஏன்டி அப்படிச் சொன்னேன்னு. "விடுங்கண்ணே"ன்னா. அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆறல தம்பி. கூடப்பொறந்தவளே இப்படின்னா ஊர்க்காரன் என்ன சொல்லுவான்?

ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் தப்பாவா சொல்லிட்டேன்?

சரி, இடது கண்ணு விசயத்துக்கு வாறேன். அன்னிக்கே சொன்னாங்க, இடது கண்ணுலயும் அதே மூலை, அதே குறுகல், லேசர் வச்சு ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுட்டா தண்ணி அது வழியாப் போயிரும், அப்புறம் அடைக்காதுன்னு. பத்து நிமிசமாம். தாயி சரின்னுட்டா. நான்தான் யோசிச்சேன். இருக்கிறது ஒத்தக் கண்ணு. நல்லாத் தெரியுற கண்ணு. அதுல போயி ஓட்டை போடுறேங்கிறாங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? வலது கண்ணுல வந்தது வந்துட்டுப் போயிருச்சு, அது பித்தம், திரும்ப வராதுன்னு எனக்குள்ள ஒரு நெனைப்பு. மொதல் தேதிக்குப் பொங்கல் முடியட்டும்னேன். ரெண்டாவது தேதியில அமாவாசை. மூணாவதுக்கு அவளே கெளம்பி நின்னா, பையெல்லாம் எடுத்துக்கிட்டு. "கடையை யாரு பாக்கிறது, அடுத்த வாரம் போவோம்"னேன். "அண்ணன் சொன்னாச் சரி"ன்னு பையை வச்சுட்டா.

தனியா அனுப்பியிருக்கலாம்தான். அவளுக்கு ஒத்தக் கண்ணு, பஸ் ஏறத் தடுமாறுவா. அதும் ஒரு காரணம்.

உண்மையைச் சொல்லட்டா? அந்த டாக்டரம்மா மூஞ்சியில மறுபடி முழிக்க எனக்குப் பிடிக்கல. ஓட்டை போட்டு இந்தக் கண்ணு நல்லா இருந்துருச்சுன்னா, அப்ப அந்தக் கண்ணு போனதுக்கு... சரி, அதை விடுங்க. வேற பேசுவோம். டீ சொல்லட்டா? பக்கத்துக் கடை டீ நல்லா இருக்கும்.

வேண்டாமா? உடனே அவளைப் பாக்கணுமா? தலைவலி எந்தப் பக்கம்னா கேக்குறீங்க? எந்தப் பக்கம்னு... இடது பக்கம்னுதான் சொன்னா. ஆனா இது வேற தலைவலி தம்பி. மூணு நாளாத் தும்மல். நானும் முட்டாள் இல்ல, மஞ்சள் மாத்திரை ஆகாதுன்னு சொன்னாங்கள்ல, அதைத் தொடவே இல்ல. வேற கம்பெனி, வெள்ளை மாத்திரை, ரெண்டு வேளைதான் குடுத்தேன். அட்டையைக் காட்டவா? இந்தா பாருங்க.

அதுலயும் அதே மருந்துதானா? கலர் மட்டும்தான் வேறயா?

வாந்தியா? ம். காலையில காப்பி குடிச்சா, வெளிய வந்துருச்சு. வெறும் வயித்துல குடிச்சா வரத்தான் செய்யும். வாந்திக்கு ஒண்ணு குடுத்தேன். தூங்குன்னு ஒரு நரம்பு மாத்திரை, சின்னதுதான், பாதிதான் குடுத்தேன். வெளிச்சம் கூசுதுன்னா. ஆமா, ஜன்னலைச் சாத்தியிருக்கேன். ஏன் எந்திரிச்சிட்டீங்க? உக்காருங்க தம்பி, உக்காருங்க. வீடு எங்கயா? வீடுன்னா... இந்தா, இந்தத் தடுப்புக்குப் பின்னாலதான். ஆமா, இவ்வளவு நேரமும் இங்கதான் இருந்தா. கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்பா.

நீங்க வந்து ஒரு மணி நேரம் ஆச்சுன்னு எனக்கும் தெரியும். கோபப்படாதீங்க. நான் எட்டு மணிக்கு மாத்திரை குடுத்துட்டு வந்தவன், அதுக்கப்புறம் உள்ள போகல. நீங்க வர்றதுக்கு முந்தி ரெண்டு தடவை கூப்பிட்டா. ஆள் வந்திருக்கு, இருன்னு சொன்னேன். ஆளே இல்ல தம்பி அப்ப. கடையில ஒரு ஆளும் இல்ல. உள்ள போகக் கால் வரல. போனா அந்தக் கண்ணைப் பாக்கணும்ல? எனக்குப் பயமா இருந்துச்சு. நீங்க வந்து நின்னதும் கும்பிடணும்போல இருந்துச்சு, ஆனா வாயைத் தொறந்தா வேற என்னென்னமோ வருது.

பாத்து, படி இருக்கு. குனிஞ்சு வாங்க. தாயி, கண்ணாஸ்பத்திரியிலருந்து தம்பி வந்திருக்காரு. மெதுவா எந்திரி. இருங்க, ஜன்னலைத் தொறக்குறேன். வேட்டியை எடுத்துடுறேன்.

ஆத்தாடி. செவந்துல்ல கெடக்கு. காலையில இப்படி இல்ல, சத்தியமா இப்படி இல்ல. கொஞ்சம் கலங்குன மாதிரிதான் இருந்துச்சு. டார்ச்சை நேராவா அடிக்கிறீங்க? அவ ஏன் மூஞ்சியைத் திருப்பல? வெளிச்சம்னாலே ஒதுங்குவாளே.

தாயி, தம்பி விரலை ஆட்டுறாரு பாரு. எத்தனைன்னு சொல்லும்மா. இங்க பாரு. அங்க இல்லம்மா, இங்க.

ஆம்புலன்சுக்கா? கூப்பிடுங்க, கூப்பிடுங்க. ஜவுளிக்கடைக்கு எதுத்தாப்புலன்னு சொல்லுங்க. போற வழியில பெரியாஸ்பத்திரியில நிறுத்தி அழுத்தத்தை எறக்க மருந்து குடுக்கச் சொல்றீங்களா? எதுனாலும் செய்யிங்க. இப்பவும் நேரம் இருக்குன்னு சொன்னீங்கள்ல? சொன்னீங்களா இல்லையா? கொஞ்சமாச்சும் திரும்புமா? எவ்வளவு? சும்மா நிழலாட்டமாத் தெரிஞ்சாக்கூடப் போதும் தம்பி. அந்த டாக்டரம்மாகிட்ட நானே சொல்றேன், நான்தான் குடுத்தேன், இந்தக் கையாலதான் குடுத்தேன்னு.

என்ன தாயி? என்ன வேணும்? கையை நீட்டுறா பாருங்க. கொஞ்சம் இருங்க தம்பி, அசையாதீங்க, உங்க கையைப் பிடிச்சிட்டா. விட மாட்டேங்கிறா.

உங்களைத்தான் அண்ணேங்கிறா. வலி தாங்க முடியலண்ணே, இன்னும் ஒரு மாத்திரை இருந்தாக் குடுங்கண்ணேங்கிறா.

நான் இந்தப் பக்கம் நிக்கிறேன் தாயி. அது நான் இல்லம்மா. இங்க, ஜன்னல் பக்கம், வெளிச்சத்துலதான் நிக்கிறேன். இந்தப் பக்கம் திரும்பு.